சீழ் வடியும் காதுக்குச் சொட்டா, மாத்திரையா?

ஐப்பசி பிறந்தாலே காது ஒழுகல் பற்றிய கடிதங்கள் கூடிவிடும். மழை, சளி, ஈரக்காற்று எல்லாம் ஒன்றாக வரும் காலம். இந்தத் தடவை வந்த கடிதங்களில் ஒரே சந்தேகம் பல உருவத்தில் இருந்ததால் பகுதி முழுவதையும் காதுக்கே கொடுத்துவிட்டேன். குறட்டையைப் பற்றிக் கேட்ட தொண்டிக்காரரும் அவர் மனைவியும் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. ஒரு வருஷமாக வலது காதில் சீழ் வருவதும் நிற்பதுமாக இருக்கிறது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. முன்பு காட்டிய இடத்தில் ஒவ்வொரு தடவையும் ஆன்டிபயாடிக் சிரப் கொடுத்தார்கள். இப்போது ராமநாதபுரத்தில் பார்த்த டாக்டர் சிரப்பே எழுதவில்லை. கட்டைவிரல் அளவு சொட்டு மருந்து பாட்டில் ஒன்றை எழுதிக் கொடுத்து, காதைத் துடைத்துவிட்டு இதை விடுங்கள் என்று அனுப்பிவிட்டார். பஸ் காசு செலவழித்துப் போனது இதற்குத்தானா என்று என் மாமியார் கேட்கிறார். வேறு டாக்டரைப் பார்க்கட்டுமா?
— வாசகி, தங்கச்சிமடம்

பதில்: வேண்டாம், தங்கச்சி. உங்களுக்கு வாய்த்தவர் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். சீட்டு நீளமாக இருந்தால்தான் வைத்தியம் என்று நினைப்பது நம் பக்கத்துப் பழக்கம். கீழே இருப்பதை மாமியாருக்குப் படித்துக் காட்டுங்கள்.

வலியும் காய்ச்சலும் இல்லாமல் வாரக்கணக்கில் சீழ் வடிந்தால், காது ஜவ்வில் ஓட்டை இருக்கிறது என்றுதான் முதலில் நினைப்போம். அந்த ஓட்டை வழியாக வெளியில் இருந்து தண்ணீரும் கிருமியும் நடுக்காதுக்குள் போகும். மூக்கின் பின்புறத்திலிருந்து காதுக்கு ஒரு குழாய் போகிறது. சளி பிடித்தால் அந்த வழியாகவும் தொற்று ஏறும். குழந்தைகளுக்கு அந்தக் குழாய் குட்டையாகவும் படுக்கைவாட்டிலும் இருப்பதால் அவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம்.

இப்படிப் பழகிப்போன சீழில் பெரும்பாலும் இருப்பவை சூடோமோனாஸ், ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற இரண்டு பாக்டீரியாக்கள். சூடோமோனாஸுக்கு ஈரம் என்றால் கொண்டாட்டம். குழந்தைகளுக்கு வழக்கமாகக் கொடுக்கும் அமாக்சிசிலின் சிரப் அதை ஒன்றுமே செய்யாது. உங்கள் மகன் குடித்த சிரப் எதுவென்று நீங்கள் எழுதவில்லை. அதுவாக இருந்திருந்தால் வயிற்றைக் கலக்கியதுதான் மிச்சமாக இருந்திருக்கும். நடுவில் சீழ் நின்ற நாட்கள் தானாகவே நின்றவையாக இருக்கலாம்.

இந்தக் கிருமியைக் கொல்வது சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்து. அதை மாத்திரையாக விழுங்கினால் ரத்தத்தில் வந்து சேருவது ஒரு மில்லிக்குச் சில மைக்ரோகிராம் மட்டும். 0.3 சதவீதச் சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 3,000 மைக்ரோகிராம் இருக்கிறது. சீழ் இருக்கும் இடத்திலேயே ஆயிரம் மடங்கு வீரியத்தில் மருந்து போய் விழுகிறது. உடம்பின் மற்ற பாகங்களுக்கு அதில் ஏறக்குறைய எதுவும் போவதில்லை. பல நாள் தேங்கிய சீழில் பாக்டீரியாக்கள் பிசின் மாதிரி ஒரு படலத்தைக் கட்டிக்கொண்டு அதற்குள் ஒளிந்துகொள்ளும். ரத்தத்தில் வரும் சொற்ப மருந்து அங்கே எடுபடாது.

உலக சுகாதார நிறுவனம் ஆரம்ப நிலைச் சுகாதாரப் பணியாளர்களுக்கு வகுத்துள்ள குழந்தை மருத்துவ நெறிமுறையும் இதைத்தான் சொல்கிறது. சீழ் 14 நாளோ அதற்கு மேலோ வந்தால், திரி போட்டுக் காதை உலர்த்து, குயினலோன் (சிப்ரோஃப்ளாக்சசின் இந்த வகைதான்) சொட்டு மருந்தை இரண்டு வாரம் விடு. வாய்வழி ஆன்டிபயாடிக் அந்த வரியில் கிடையாது. அதற்கு முந்தைய வரியில் உண்டு: சீழ் வந்து 14 நாள் ஆகாத, புதிதாக வலியோடு வந்த காதுக்கு. ஆகவே பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சலோடு காது வலித்து நேற்று சீழ் வந்து, டாக்டர் சிரப் கொடுத்தால் அதுவும் சரிதான். இரண்டும் வேறு வேறு நோய்.

மாமியாருக்கு ஒரு கணக்கும் சொல்லுங்கள். நெதர்லாந்தில் 230 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு, 2014ல் வெளிவந்தது. காதில் சின்னக் குழாய் பொருத்தப்பட்டு, அதன் வழியாகச் சீழ் வந்துகொண்டிருந்த குழந்தைகள். ஒரு பிரிவுக்கு ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் கலந்த சொட்டு, ஒரு பிரிவுக்கு வாய்வழி ஆன்டிபயாடிக், மூன்றாவது பிரிவுக்கு மருந்து எதுவும் இல்லாமல் பொறுத்திருந்து பார்ப்பது. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது, சொட்டு விட்டவர்களில் 100க்கு 5 பேருக்குத்தான் சீழ் இருந்தது. வாய்வழி மருந்து சாப்பிட்டவர்களில் 44 பேருக்கு இருந்தது. சும்மா இருந்தவர்களில் 55. மருந்து விழுங்கியதற்கும் விழுங்காததற்கும் பெரிய வித்தியாசம் இல்லை, பாருங்கள். உங்கள் மகனுக்கு இருப்பது குழாய் வைத்த காது இல்லை, பழைய ஓட்டை. இந்த எண்களை அப்படியே அவனுக்குப் பொருத்த முடியாது. ஆனால் சொட்டு நேராகப் போய் வேலை செய்கிறது என்ற அடிப்படை ஒன்றுதான்.

இவ்வளவும் சொட்டு உள்ளே போய்ச் சேர்ந்தால்தான். என் மேசைக்கு முன்னால் உட்காருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எப்படி விடுறீங்க, செஞ்சு காட்டுங்க" என்பதுதான். பாதிப் பேர் நின்றுகொண்டே தலையை லேசாகச் சாய்த்து இரண்டு சொட்டு விட்டு, உடனே பஞ்சை வைத்து அடைத்துவிடுவார்கள். மருந்தில் பாதி கழுத்தில் வழிந்திருக்கும், மீதியைப் பஞ்சு குடித்திருக்கும். காதுக்கு ஒன்றும் இல்லை. அப்புறம் "மருந்து கேக்கல டாக்டரம்மா" என்று வந்து நிற்பார்கள்.

எனவே கவனமாகப் படியுங்கள். முதலில் சீழை எடுக்க வேண்டும். பட்ஸ் வேண்டாம், ஊக்கு வேண்டாம், தீக்குச்சியில் பஞ்சு சுற்றும் வேலையும் வேண்டாம். துவைத்துக் காயவைத்த மெல்லிய பருத்தித் துணியில் (பழைய வேட்டித் துணி அருமையாக இருக்கும்) ஒரு துண்டைக் கிழித்து, முனை கூராக வரும்படி திரி முறுக்குங்கள். நனைந்தால் பிய்ந்துபோகாத கெட்டியான டிஷ்யூ காகிதமும் ஆகும். காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்து, திரியை மெதுவாக உள்ளே விட்டு, சற்று நேரம் அப்படியே விட்டுவிடுங்கள். சீழை உறிஞ்சிக்கொள்ளும். எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த திரி. திரி ஈரமில்லாமல் வெளியே வரும் வரை. சீழ் நிறைந்த காதில் மருந்து விட்டால் அது சீழின் மேல் மிதக்கும்.

பாட்டிலைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருங்கள். குளிர்ந்த மருந்து உள்ளே போனால் பையனுக்குத் தலை சுற்றும், அடுத்த முறை காதைக் காட்டவே மாட்டான். ஒருக்களித்துப் படுக்கவைத்து, சீட்டில் எழுதிய அளவு சொட்டுகளை விடுங்கள். பிறகு, காது ஓட்டைக்கு முன்னால் கன்னத்தை ஒட்டி ஒரு சின்ன மேடு துருத்திக்கொண்டு இருக்கும் அல்லவா, அதை விரலால் நான்கைந்து தடவை அழுத்தி அழுத்தி விடுங்கள். அப்போதுதான் மருந்து ஜவ்வின் ஓட்டையைத் தாண்டி நடுக்காதுக்குள் இறங்கும். தொண்டையில் கசக்கிறது என்று பையன் சொன்னால் சந்தோஷப்படுங்கள். மருந்து நடுக்காதைக் கடந்து அந்தக் குழாய் வழியாகத் தொண்டைக்கு வந்துவிட்டது. ஐந்து நிமிடம் படுத்தே இருக்கட்டும். பஞ்சு வைக்காதீர்கள்.

சீழ் நின்றதும் ஒரு தடவை டாக்டரிடம் காட்டி ஓட்டை எவ்வளவு பெரியது என்று பார்க்கச் சொல்லுங்கள், காது கேட்கும் அளவையும் சோதியுங்கள். பள்ளிக்கூடத்தில் இடது காது டீச்சர் பக்கம் இருக்கும்படி முன் பெஞ்சில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். "கவனம் இல்லாத பையன்" என்று பெயர் வாங்கிய பிள்ளைகள் பலருக்குப் பாதிச் சொல் காதில் விழாததுதான் காரணமாக இருந்திருக்கிறது.

காதுக்குப் பின்னால் வீங்கினாலோ, காய்ச்சலும் கடுமையான தலைவலியும் வந்தாலோ சொட்டு மருந்தை நம்பி வீட்டில் இருக்கக்கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கேள்வி: நான் நர்சிங் மாணவி. எங்கள் ஊர்ப் பக்கம் முன்பெல்லாம் போரிக் அமிலச் சொட்டு விடுவார்கள். இப்போது எல்லாருக்கும் ஆன்டிபயாடிக் சொட்டுதான். ஆராய்ச்சிகள் உண்மையிலேயே எது நல்லது என்று சொல்கின்றனவா, இல்லை மருந்துக் கம்பெனிகளின் வேலையா?
— வாசகி, மண்டபம்

பதில்: நல்ல சந்தேகம். இதை விடாதீர்கள்.

போரிக் அமிலத்தையும் சிப்ரோஃப்ளாக்சசினையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த பெரிய ஆய்வு கென்யாவின் மேற்குப் பகுதியில் பள்ளிக் குழந்தைகள் 427 பேரிடம் நடந்தது. 2005ல் வெளியானது. எல்லாருக்கும் காதை உலரத் துடைத்தார்கள். இரண்டு வாரத்தில் சிப்ரோஃப்ளாக்சசின் பிரிவில் 59 சதவீதம் பேருக்குச் சீழ் நின்றிருந்தது. ஆல்கஹாலில் கலந்த போரிக் அமிலப் பிரிவில் 32 சதவீதம். வித்தியாசம் தெளிவானது. ஆனால் மறுபக்கமும் பாருங்கள். நல்ல மருந்தை விட்டும் 100க்கு 41 பேருக்கு இரண்டு வாரத்தில் நிற்கவில்லை.

இன்னொன்று நம் மாநிலத்திலேயே நடந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 40 நோயாளிகளுக்கு, பாதிப் பேருக்கு 5 சதவீத போவிடோன் அயோடின் (பெட்டாடின் என்ற பெயரில் விற்கும் கிருமிநாசினி), மீதிப் பேருக்கு சிப்ரோஃப்ளாக்சசின் சொட்டு. 2003ல் வந்த முடிவு: முன்னேற்றம் அயோடினுக்கு 88 சதவீதம், சிப்ரோஃப்ளாக்சசினுக்கு 90 சதவீதம். கிட்டத்தட்டச் சமம். கிருமிகள் ஆன்டிபயாடிக்கை எதிர்க்கப் பழகிவரும் காலத்தில் இது எனக்குப் பிடித்த ஆய்வு. ஆனால் 40 பேர் என்பது கைப்பிடி அளவு. இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டிலுள்ள பெட்டாடின் பாட்டிலைக் காதில் கவிழ்க்க வேண்டாம். கடையில் கிடைப்பது வேறு அடர்த்தியில் இருக்கும், அது காதுக்காகச் செய்ததும் இல்லை.

ஆய்வுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதும் உண்டு. ஆஸ்திரேலியப் பழங்குடிக் குழந்தைகளிடம் காது ஒழுகல் மிக அதிகம். அங்கே 111 குழந்தைகளிடம் செய்து 2003ல் வந்த ஆய்வில் சிப்ரோஃப்ளாக்சசின் சொட்டில் 76 சதவீதம் பேருக்குக் குணம். ஃப்ராமிசெட்டின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த பழைய வகைச் சொட்டில் 52. சில ஆண்டுகள் கழித்து அதே நாட்டில் இன்னொரு குழுவினர் அதே இரண்டு மருந்துகளையும் ஒப்பிட்டபோது வித்தியாசமே தெரியவில்லை; இரண்டு பிரிவிலும் பெரும்பாலான குழந்தைகளுக்குச் சீழ் நிற்கவில்லை. அந்த இரண்டாம் ஆய்வில் இருந்தவர்கள் ஏற்கெனவே சிகிச்சை எடுத்தும் குணமாகாதவர்கள். யாரைத் தேர்ந்தெடுத்துச் சோதிக்கிறார்கள் என்பதிலேயே பாதி விடை அடங்கிவிடுகிறது.

ஆய்வுகளையெல்லாம் சேர்த்துச் சலித்துப் பார்க்கும் காக்ரேன் குழுவினர் இந்த நோயை 2020ஐ ஒட்டி விரிவாக அலசினார்கள். ஆன்டிபயாடிக் சொட்டைப் பற்றி மட்டும் 17 ஆய்வுகள், 2,000 பேருக்கு மேல். அவர்கள் சொன்னது சுருக்கமாக: சொட்டு பயன் தருவதாகத் தெரிகிறது, மாத்திரையைவிட மேலாகவும் தெரிகிறது, ஆனால் ஆய்வுகளின் தரம் உறுதியாகப் பேசும் அளவுக்கு இல்லை. பல ஆய்வுகள் சில வாரங்களோடு முடிந்துவிட்டன. காது கேட்பது கூடியதா என்று அளந்தவர்கள் மிகக் குறைவு. நோயாளிக்கு அதுதானே வேண்டும்!

இதில் எனக்கு வருத்தம் உண்டு. உலகில் 6.5 கோடி முதல் 33 கோடிப் பேருக்குக் காது ஒழுகுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2004ல் மதிப்பிட்டது. அந்த இடைவெளியைப் பாருங்கள், எண்ணக்கூட யாரும் சரியாக மெனக்கெடவில்லை. இந்த நோய் மிக அதிகமுள்ள நாடுகளின் வரிசையில் நம் நாடும் இருந்தது. பணக்கார நாடுகளில் அரிதான நோய் என்றால் ஆராய்ச்சிப் பணமும் அரிதாகத்தான் வரும். உங்கள் கம்பெனிச் சந்தேகத்துக்கு என் பதில், சிப்ரோஃப்ளாக்சசின் சொட்டு பல கம்பெனிகள் செய்யும் பழைய, மலிவான மருந்து. அதை விற்க யாரும் பெரிதாக மெனக்கெடப் போவதில்லை. ஸ்டீராய்டு, வலி மருந்து, பூஞ்சை மருந்து என்று நாலைந்தைக் கலந்து வரும் சொட்டுகளின் மேல்தான் உங்கள் சந்தேகத்தைத் திருப்ப வேண்டும்.

கேள்வி: நாங்கள் பாசி எடுக்கிறவர்கள். மரிக்கொழுந்துப் பாசி எடுக்கத் தீவுப் பக்கம் போய் முங்குவோம். எனக்கு இடது காதில் ஓட்டை என்று சொல்லிவிட்டார்கள். கடலுக்குப் போகக்கூடாது என்கிறார்கள். போகாமல் என்ன சாப்பிடுவது? காதில் எண்ணெய்ப் பஞ்சு வைத்துக்கொண்டு போகலாமா?
— வாசகி, பாம்பன் சின்னப்பாலம்

பதில்: "போகாதே" என்று சொல்வது டாக்டருக்குச் சுலபம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, பாறையில் காலைக் கிழித்துக்கொண்டு மூச்சடக்கி முங்கி எடுக்கும் வேலை. அதை விட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள் என்று எழுத எனக்கு வாய் வரவில்லை. இருந்தாலும் ஆபத்து எது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

சீழ் வருவதை மட்டும் நான் சொல்லவில்லை. ஜவ்வு முழுசாக இருப்பவர் முங்கினால் தண்ணீர் அழுத்தத்தில் காது வலிக்கும், மூக்கைப் பிடித்து ஊதினால் சரியாகும். ஓட்டை உள்ளவருக்கு அந்த வலி இருக்காது, அதனாலேயே தைரியமாக இறங்கிவிடுவார். ஆனால் குளிர்ந்த கடல்நீர் ஓட்டை வழியாக நேராக நடுக்காதுக்குள் போகும். அதற்கு உள்பக்கம்தான் உடம்பின் சமநிலையைக் காக்கும் உறுப்பு இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் அது குளிர்ந்தால் திடீரென்று தலை சுற்றும், எது மேல் எது கீழ் என்று தெரியாது. கரையில் சுற்றினால் உட்கார்ந்துகொள்ளலாம். ஓர் ஆள், இரண்டாள் ஆழத்தில் சுற்றினால்? ஒழுகாத ஓட்டைக் காதுக்கும் இதே ஆபத்துதான்.

எண்ணெய்ப் பஞ்சு, வாசலின் பஞ்சு எல்லாம் குளிக்கும்போது தண்ணீர் தெறிக்காமல் இருக்க உதவும். முங்கும்போது நிற்காது. கடையில் விற்கும் ரப்பர் அடைப்பானும் முங்குவதற்கு ஆகாது. அழுத்தம் அதை உள்ளே தள்ளும்.

உங்களுக்கு நான் சொல்வது ஆபரேஷன். காதுக்கு மேலே பொட்டுப் பகுதித் தசையை மூடியிருக்கும் மெல்லிய உறையில் ஒரு துண்டு எடுத்து, ஜவ்வு ஓட்டையின் மேல் ஒட்டிவிடுவார்கள். காது உலர்ந்திருந்தால் ஒட்டுவது எளிது, அதனால் முதலில் சொட்டு விட்டுச் சீழை நிறுத்த வேண்டும். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்க் காட்டுங்கள், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு பல மாதம் முங்கக்கூடாது. டாக்டர் பார்த்து, ஜவ்வு நன்றாகப் பிடித்திருக்கிறது என்று சொன்ன பிறகுதான். கடலுக்குப் போகாத நாட்களைக் கணக்குப் பார்த்து ஆபரேஷன் தேதியை வாங்குங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை இருக்குமே, அந்தக் காலத்தில் நீங்களும் பாசிக்குப் போகாமல் இருப்பவர் என்றால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அதுவரை? படகில் போகலாம், இடுப்பளவு தண்ணீரில் நின்று எடுக்கலாம், கரையில் பாசி காயவைக்கலாம், தலை மட்டும் தண்ணீருக்குள் போகக்கூடாது. கூலி குறையும், தெரியும். உங்கள் குழுவில் இருக்கும் பெண்களிடம் இதைச் சொல்லிப் பங்கு பேசுங்கள். இன்றைக்கு உங்கள் காது, நாளைக்கு அவர்களில் ஒருவர் காது.

கேள்வி: காது ஒழுகினால் மெடிக்கலில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி விடுவேன், நின்றுவிடும். இந்த முறை ஒரு மாதமாக அதே மருந்தை விட்டும் நிற்கவில்லை. காது அடைத்து, தாங்க முடியாத அரிப்பு. மருந்தை மாற்ற வேண்டுமா?
— வாசகர், தொண்டி

பதில்: மாற்ற வேண்டாம், நிறுத்துங்கள். ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் கலந்த சொட்டை வாரக்கணக்கில் விட்டால் காதில் பாக்டீரியா ஒழிந்து பூஞ்சை குடியேறும். நம் கடற்கரை ஈரத்தில் அதற்குக் கேட்கவே வேண்டாம். அரிப்பும் அடைப்பும் அதன் அடையாளம். உள்ளே பார்த்தால் நனைந்த காகிதம் போல வெள்ளையாக இருக்கும், சிலருக்கு அதன் மேல் கரும்புள்ளிகள் தெரியும். அதை டாக்டர் உறிஞ்சி எடுத்துச் சுத்தம் செய்து, குளோட்ரிமசோல் போன்ற பூஞ்சை மருந்து கொடுப்பார். சுத்தம் செய்யாமல் மருந்து மட்டும் விட்டால் நாள் இழுக்கும்.

இன்னொரு விஷயம். நீங்கள் வாங்கிய பாட்டிலின் பெயரை எழுதவில்லை. அதில் ஜென்டாமைசின், நியோமைசின் என்று இருக்கிறதா பாருங்கள். ஜவ்வில் ஓட்டை இருக்கும்போது இந்த வகை மருந்துகள் உள்காதுக்குப் போனால் கேட்கும் நரம்புச் செல்களைக் கெடுக்கக்கூடும்; கெட்டால் திரும்ப வராது. சிப்ரோஃப்ளாக்சசின், ஒஃப்ளாக்சசின் சொட்டுகளில் அந்தப் பயம் இல்லை என்பதால்தான் ஓட்டைக் காதுக்கு அவற்றை எழுதுகிறோம். ஓட்டை இருக்கிறதா இல்லையா என்று மெடிக்கல் கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? அவர் மேல் தப்பில்லை, அவர் கையில் காது பார்க்கும் கருவி இல்லை. இருக்கிற இடத்துக்குப் போங்கள்.

கேள்வி: பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் விட்டால் காது ஒழுகல் நிற்கும் என்கிறாரே என் அப்பத்தா?
— வாசகி, தேவிபட்டினம்

பதில்: நிற்காது. ஓட்டை வழியாக எண்ணெய் உள்ளே போய்த் தங்கும், சூடாக இருந்தால் சுடும். அந்தப் பூண்டெண்ணெயை ரசத்தில் தாளிக்கச் சொல்லுங்கள். தாய்ப்பால், மஞ்சள் தண்ணீர், பெராக்சைடு எல்லாவற்றுக்கும் இதே பதில். (ரசத்தில் தாளிப்பது நீங்கலாக.)

கேள்வி: காதில் ஓட்டை உள்ளவர் ராமேசுவரத்தில் 22 தீர்த்தம் ஆடலாமா? அம்மாவுக்கு நேர்ச்சை இருக்கிறது.
— வாசகர், உச்சிப்புளி

பதில்: வாளி வாளியாகத் தலையில் ஊற்றுவார்கள், கிணற்றுக்குக் கிணறு ஈரத்தோடு ஓட வேண்டும். வாசலின் தடவிய பஞ்சு இரண்டு மூன்று கிணறுவரை தாங்கலாம், 22 வரை தாங்காது. தீர்த்தத்தைக் கையில் வாங்கித் தலையில் தெளித்துக்கொள்ளட்டும். தோளுக்குக் கீழே ஊற்றச் சொல்லியும் கேட்கலாம், வயதானவர்களுக்கு அப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். அக்னி தீர்த்தத்தில் கால் நனைத்தால் போதும். மீறி நனைந்துவிட்டால் திரி போட்டு உலர்த்துங்கள். முதல் பதிலில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு 34 வயது. சின்ன வயதிலிருந்து வலது காது லேசாக ஒழுகும். கொஞ்சமாகத்தான் வரும், ஆனால் நாற்றம் பக்கத்தில் இருப்பவருக்கே தெரிகிறது. எத்தனை சொட்டு மருந்து விட்டும் நாற்றம் போகவில்லை. அடுத்த மாதம் துபாய்க்குத் திரும்ப வேண்டும். ஓட்டைக் காதோடு விமானத்தில் போனால் ஆபத்தா? போய் வந்து பார்த்துக்கொள்ளலாமா?
— வாசகர், கீழக்கரை

பதில்: தம்பி, விமானத்தைப் பற்றி மட்டும் கேட்டிருந்தால் பதில் ஒரு வரிதான். ஓட்டை உள்ள காதில் காற்று இருபக்கமும் போய் வருவதால் விமானம் ஏறி இறங்கும்போது அழுத்தம் கட்டாது. முழு ஜவ்வு உள்ளவர்தான் சளியோடு பறந்தால் துடிப்பார்.

ஆனால் நீங்கள் எழுதிய மற்ற இரண்டு விஷயமும் எனக்குப் பிடிக்கவில்லை. கொஞ்சமாக வருவது, நாறுவது. முதல் கடிதத்தில் வந்த பையனுடைய சீழ் நிறைய வரும், சளி போல இழையும், பெரும்பாலும் நாற்றம் இருக்காது. உங்களுடையது ஜவ்வின் மேல் மூலையில், எலும்பை ஒட்டித் தோல் உள்நோக்கி வளர்ந்து மூட்டையாகத் திரளும் வகையாக இருக்கலாம். கொலஸ்டியடோமா என்பார்கள். அது மெல்ல மெல்ல எலும்பை அரிக்கும். காது கேட்கும் குட்டி எலும்புகள் முதலில் போகும். பிறகு முகத்து நரம்பு. மேலே ஒரு மெல்லிய எலும்புத் தட்டுதான், அதற்கப்புறம் மூளை. சீழ் மூளைக்கு ஏறிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

இதற்கு எந்தச் சொட்டு மருந்தும் முடிவான வைத்தியம் இல்லை. நான் மேலே சொன்ன ஆய்வுகள் எதையும் இந்த வகைக்குப் பொருத்தக்கூடாது. சொட்டு மேலோட்டமான தொற்றைக் குறைக்கும், மூட்டை அங்கேயே இருக்கும். ஆபரேஷன் செய்து அதை முழுசாக எடுக்க வேண்டும்.

அதனால் டிக்கெட்டுக்கு முன்னால் காதைக் காட்டுங்கள், இந்த வாரமே. மைக்ரோஸ்கோப் வைத்துப் பார்க்கும் டாக்டராக இருக்க வேண்டும். காதெலும்புக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள், கேட்கும் திறனையும் சோதிப்பார்கள். என் பயம் தவறு என்று தெரிந்தால் நிம்மதியாகப் பறந்து போங்கள். அந்த மூட்டைதான் என்றால், ஆபரேஷனை முடித்து, எப்போது விமானம் ஏறலாம் என்று ஆபரேஷன் செய்தவர் சொன்ன பிறகே தேதி போடுங்கள். மருத்துவச் சான்றோடு முதலாளிக்குத் தெரிவித்து விடுப்பை நீட்டிக்கக் கேளுங்கள். அரபு நாட்டில் தனியாக அறையில் இருக்கும்போது தலைசுற்றலோ முகம் ஒரு பக்கம் கோணுவதோ வந்தால் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? இந்த இரண்டில் எது வந்தாலும், அல்லது காதோடு கடும் தலைவலி வந்தாலும், வாரம் முடியும் வரைகூடக் காத்திருக்காதீர்கள். நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.